பேக்கரிக் கண்ணாடியில் மஞ்சள் கோட்டு

ஸ்மைலின் ஒரு நாளைக்கு எப்படியும் முந்நூறு தடவை ஒரே கேள்வியைக் கேட்பாள். "இதுல தெளிவா தெரியுதா... இல்ல, இதுலயா?" நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை; அதன் பின்பக்கம் கண் சோதிக்கிற சின்ன அறை. அங்கேதான் அவளுக்கு வேலை. வந்தவர் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, எதிர்ச்சுவரில் எரியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பாள். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு மக்கா" என்று தப்பிக்கப் பார்க்கிறவர்களை விடமாட்டாள். "ஒண்ணு மாதிரி இருக்காது. பைய பாத்துச் சொல்லுங்க" என்பாள். பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். வேலை நேரத்தில் சிரிப்பு அவளிடம் அவ்வளவு லேசில் கிடைக்காது.

கண்ணாடி எடுக்க வருகிறவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது, கோட்டிங் போடணுமா என்று. வில்லையில் எதிரொளி விழாமலிருக்க ஒரு பூச்சு. முதலாளிக்கு அதை எல்லார் தலையிலும் கட்டிவிட ஆசை. ஸ்மைலின் கட்டமாட்டாள். ராத்திரி பைக் ஓட்டுகிற ஆளா, எதிர் வண்டி விளக்கு கண்ணைக் கூசும், போட்டுக்கொள். பகலில் வேதப்புத்தகம் மட்டும் வாசிக்கிற ஆளா, சாரமில்லை, வேண்டாம். எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்காமல், கொள்ளாம், நல்லது என்றோ கொள்ளாது, ஆகாது என்றோ சொல்ல அவளுக்கு வராது. இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணமுண்டு. வாரம் முழுக்க வில்லையிலிருந்து எதிரொளியைப் போக்குகிற இந்தப் பெண், சனிக்கிழமை மத்தியானமானால் வீட்டுக்கு வந்து, புருஷன் வேண்டாம் என்றதை மீறிக் கம்ப்யூட்டரில் எதிரொளியை விழ வைப்பாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் பெனின் சவுதியில், தம்மாமில், பெரிய கட்டடங்களுக்கு ஏசி பார்க்கிற கம்பெனியில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. எல்லா லீவையும் கூட்டினால் இருவரும் ஒரே கூரைக்கடியில் இருந்தது ஆறரை மாதம் தேறும். அவள் மாமியாரோடு இருக்கிற கொட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "விசேஷம் ஒண்ணும் இல்லியா பிள்ள?" என்பாள். விசேஷம் என்ன, போன் வழியாகவா வரும்? ஸ்மைலின் அப்படியெல்லாம் திருப்பிக் கேட்கமாட்டாள். "ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்கு நடப்பாள். அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாடு அவளுக்கு இறங்காது.

போனில் பேசினால் போதாதா என்பீர்கள். ஆறு வருஷம் போனில் பேசிப் பாருங்கள், தெரியும். சாப்பிட்டியா, அம்மைக்குச் சுகமா, அங்கே மழை உண்டா. மூன்று கேள்வி, மூன்று பதில். அப்புறம் இரண்டு பேரும் திரையில் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். யாராவது ஒருவர் "சரி, பின்னே?" என்பார். அந்த "பின்னே"வுக்குப் பிறகு ஒன்றும் இருக்காது.

போன தடவை லீவுக்கு வந்த பெனின்தான் இதற்கு ஒரு வழி செய்தான். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே அவனுக்குக் கேம் பைத்தியம். நாகர்கோவிலில் சாமான் வாங்கி, தானே உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து மாட்டி, முன்னறையில் ஷோகேஸுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஒரு கேமை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். எந்நேரமும் மழை பெய்கிற ஏதோ ஒரு துறைமுக ஊர். அதில் இவர்கள் இரண்டு பேரும் கள்ளர்கள். அவனுக்கு மஞ்சள் மழைக்கோட்டு, அவளுக்கு நீலம். அவள் கடைகளின் பூட்டைத் திறக்க வேண்டும். வில்லை செருகிப் பழகிய கை, அது அவளுக்குச் சுலபமாக வந்தது. அவன் அவள் முதுகுக்குப் பின்னால் காவல் நிற்பான். லாந்தர் விளக்கோடு ஒரு காவல்காரன் சுற்றிவருவான். அவனிடம் சிக்கினால் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடுவான், பத்து நிமிஷம் கதவு திறக்காது. பெனினுக்கு அந்தப் பத்து நிமிஷம் ஆகவே ஆகாது. சிக்கினவுடனே கேமைவிட்டு வெளியே குதித்து, முதலிலிருந்து தொடங்குவான்.

பெனினுக்கு வெள்ளியும் சனியும் லீவு. ஸ்மைலின் முதலாளியிடம் சண்டை போட்டுச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லீவு வாங்கினாள். அதற்குப் பதிலாக நாள்தோறும் அரை மணி முன்னால் வந்து கடை திறக்க வேண்டும். திறந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மாமியார் ஞானபாய் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். கிழவிக்கு கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்பீக்கரில் மகன் குரல் வருமே, அதற்காக.

வேலை செய்துகொண்டே பேசினால் பேச்சு தானாக வரும் போலிருக்கிறது. பூட்டுத் திறக்கும்போது, ஓடி ஒளியும்போது, பெனின் போனில் சொல்லாததையெல்லாம் சொன்னான். கூட வேலை செய்கிறவன் ஊருக்குப் போன கதை, தங்குகிற காம்பில் குழம்பு கருகின கதை, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததை மறைத்த கதை. "அப்பவே சொன்னா என்ன?" என்று அவள் பூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவாள். "அந்தா வாறான், ஓடுட்டி!" என்பான் அவன்.

இப்போது அந்த எதிரொளி விஷயத்துக்கு வருவோம். கேமில் ரே ட்ரேசிங் என்று ஒரு விசை உண்டு; போட்டால் தண்ணீரிலும் கண்ணாடியிலும் எதிரொளி நிஜம்போல விழும். கம்ப்யூட்டர் தயாரானதும் ஆகாததுமாக அதை அணைத்துவைத்தது பெனின்தான். "ஏட்டி, அது நம்ம பெட்டிக்குத் தாங்காது. ஒரு செகண்டுக்கு அறுபது படம் வாற எடத்துல இருபத்தஞ்சுதான் வரும், கேமு இழுக்கும். ரோட்டுல கெடக்குத தண்ணில விளக்கு தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? காவல்காரன் வாறப்போ ஓடணுமா, குளத்துல மூஞ்சி பாக்கணுமா?" அவன் சொன்னது நியாயம்தான். அவனுடைய பழைய லேப்டாப்பில் அந்த விசையே கிடையாது. அதனால் அவனுக்கு அதில் இழப்பும் இல்லை.

ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை பெனின் வர நேரமாயிற்று. சும்மா இருக்க முடியாமல் ஸ்மைலின் அந்த விசையைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். இதுவா, இதுவா? கையில் ஊறின பழக்கம். சந்துகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓடும்போது இழுத்தது, எரிச்சலாக இருந்தது. அணைத்தே வைக்கலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் பெனின் வந்துவிட்டான். விசை போட்டபடியே இருந்துவிட்டது. அன்றைக்குப் பூட்டு பேக்கரிக் கடையில். அகலமான கண்ணாடிக் கதவு. வழக்கமாக அதில் சாம்பல் பூசினாற்போல ஏதோ தெரியும், அவ்வளவுதான். இப்போது உள்ளே அடுக்கின ரொட்டிக்கு மேலாக நீலக் கோட்டுக்காரியின் முகம் தெரிந்தது. அவள் இடது தோளுக்குப் பின்னால், மழையில், மஞ்சள் கோட்டு நின்றது.

விஷயம் இதுதான். விசை இல்லாதபோது கம்ப்யூட்டர், திரையில் ஏற்கெனவே தெரிகிறதை எடுத்துத் தலைகீழாகப் போட்டுக் கண்ணாடி என்று காட்டும். திரைக்கு வெளியே உன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நிற்பது அதற்குத் தெரியாது. ரே ட்ரேசிங் போட்டால் வெளிச்சம் எங்கெல்லாம் பட்டுத் திரும்புகிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரையும். பின்னால் நிற்கிறவனும் அதில் வந்துவிடுவான். ஸ்மைலினுக்கு இந்தக் கணக்கெல்லாம் அன்றைக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தன் பின்னால் நின்றவனை அன்றைக்குத்தான் கண்டாள், அது தெரியும். பூட்டுத் திறக்கிற கை நின்றுபோயிற்று.

அவனைக் கண்ணாடியில் காண்பது அவளுக்கு அது இரண்டாம் தடவை. பெனின் பெண் பார்க்க வந்த அன்று அவள் வீட்டு முன்னறை நிறைய ஆட்கள். சாயைத் தட்டோடு வந்தவளுக்கு நேருக்கு நேர் பார்க்க வெட்கம். தட்டை வைத்துவிட்டு எதிர்ச்சுவரில் இருந்த ஷோகேஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பு, பொம்மை, யாரோ கொண்டுவந்த சென்ட் குப்பிகள், அவற்றுக்கு நடுவில் கண்ணாடியில் தெரிந்தான். எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, தோளை ஒடுக்கிக்கொண்டு தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் போலிருந்தது. அப்போதே பிடித்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும்.

கேமில் ஒரு விஷயம் உண்டு. ஆடுகிறவர் அரை நிமிஷம் கீபோர்டில் கைவைக்காவிட்டால் பொம்மை தானாகத் தோளை ஒடுக்கித் தலையைக் குனிந்துகொள்ளும், குளிருகிற மாதிரி. கண்ணாடியில் மஞ்சள் கோட்டு அப்படிக் குனிந்தது. அதே தோள், அதே குனிவு.

"சாயை குடிக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம். உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அன்றிலிருந்து விசையை அவள் அணைக்கவில்லை. அவனிடம் சொல்லவுமில்லை. கேமு இழுத்தது. அவள் பூட்டுத் திறக்கத் தாமதம், திரும்பி ஓடத் தாமதம். வாரம் தவறாமல் காவல்காரனிடம் சிக்கினார்கள். பெனின் தம்மாமிலிருந்து கொட்டாரத்தில் இன்டர்நெட் பார்க்கிற நேசையனைப் போனில் பிடித்து வறுத்தெடுத்தான். நேசையன் மூன்று தடவை வந்தான். வயரை மாற்றினான், மோடம் பெட்டியை இடம் மாற்றினான், எலி கடித்திருக்குமோ என்று கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். "அக்கா, எனக்க லைன்ல ஒரு குத்தமும் இல்ல. சத்தியமா" என்று அழாக்குறையாகச் சொன்னான். ஸ்மைலின் அவனுக்குச் சாயையும் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்து அனுப்பினாள். வேறென்ன செய்வாள்? உள்ளதைச் சொன்னால் விசை போய்விடும். விசை போனால் மஞ்சள் கோட்டு போய்விடும். கிறிஸ்மஸுக்கு ஆளே வந்துவிட்டால் அணைத்துவிடலாம், அப்புறம் யாருக்கு வேண்டும் அது?

ஆமாம், கிறிஸ்மஸுக்கு வருவதாக இருந்தது. ஞானபாய் முந்திரிக்கொத்துக்குப் பயறு வாங்கி வைத்துவிட்டாள். ஸ்மைலின் படுக்கையறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. பேக்கரிப் பூட்டு. பெனின் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. கண்ணாடியில் மஞ்சள் கோட்டு அசையாமல் நின்றது. பிறகு தோளை ஒடுக்கித் தலையைக் குனிந்தது. சாயை குடிக்கிற நேரமில்லை. அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"லீவு இல்லியா?" என்றாள்.

"ஜூன் வரைக்கும் விடமாட்டாங்களாம். வேலை நீண்டுபோச்சு" என்றான். அதோடு விட்டிருக்கலாம். மனசு நொந்து வெப்ராளத்தில் இருக்கிற பொம்பளைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத ஆம்பளை எதையாவது வாங்கித் தருகிறேன் என்பானே, அதைச் செய்தான். "ஒண்ணு செய்யட்டா? உனக்குக் கிறிஸ்மஸுக்கு நம்ம கம்ப்யூட்டருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கி அனுப்புதேன். பின்னே கேமு இழுக்காது."

"கார்டா?" என்றாள் ஸ்மைலின். "நான் உங்ககிட்ட கார்டா கேட்டேன்?" கம்ப்யூட்டரின் சுவிட்சை அப்படியே அமர்த்திவிட்டாள். பின்னால் ஞானபாய் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் மத்தியானத்துக்கு மேலும் கடையிலேயே இருந்தாள். முதலாளிக்கே ஆச்சரியம். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். போனில் கேட்டதற்கு உண்டு, இல்லை என்று மட்டும் பதில் சொன்னாள். கோபத்தில் முகம் வீங்கித் திரிந்தாளே தவிர, சனிக்கிழமை மூன்று மணி ஆனபோது வில்லையைத் தப்பாகச் செருகி, நல்ல கண்ணுள்ள ஒரு வாத்தியாரைத் திணற வைத்துவிட்டாள்.

ராச்சாப்பாட்டுக்கு அப்பம் எடுத்துவைத்தபடி ஞானபாய்தான் கேட்டாள். "என்னட்டி, பெட்டி ரெண்டு வாரமா தூங்குது?"

"போன்ல பேசத்தானே செய்யுதியோ மாமி."

"போன்ல எங்கிட்ட மருந்து தின்னியான்னு கேட்டுட்டு வச்சுருவான். அதுலன்னா ரெண்டு மணிக்கூறு அவனுக்க சத்தம் கேக்கும்." கிழவி அப்பத்தைப் பிய்த்தாள், தின்னவில்லை.

ஸ்மைலின் கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அத்தான், நேசையன் மேல குத்தமில்ல. லைன்லயும் குத்தமில்ல."

"பின்னே?"

"நான்தான் ரே ட்ரேசிங்கப் போட்டு வச்சிருந்தேன். மார்ச்சுலேருந்து."

"எதுக்குட்டி? நான்தான் வேண்டாம்னு சொன்னேன்லா. பாவம், அந்தப் பயல நான் என்னெல்லாம் ஏசினேன்!"

"உங்களப் பாக்கதுக்கு."

பிறகு அவள் நிறுத்தவில்லை. பேக்கரிக் கதவைச் சொன்னாள், தோளுக்குப் பின்னால் நிற்கிற மஞ்சள் கோட்டைச் சொன்னாள், சாயை குடிக்கிறதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைச் சொன்னாள். ஷோகேஸைச் சொன்னாள். "அன்னைக்கும் உங்க மூஞ்சிய நான் கண்ணாடியிலதான் பாத்தேன். இப்பமும் கண்ணாடியிலதான் பாக்கேன். நேரா எப்பம் பாக்கது? அதுக்குப் பதிலா கார்டு தாறேன்னா எனக்குக் கோவம் வராதா?" "சனிக்கிழமை வா ஸ்மைலி" என்று மட்டும் சொல்லிப் பெனின் போனை வைத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை கொட்டாரத்தில் நல்ல மழை. குடை இருந்தும் நனைந்து வந்து, தலையைத் துவட்டினபடியே பெட்டியைப் போட்டாள். ஞானபாய் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தாள். மஞ்சள் கோட்டு பேக்கரிக்கு முன்னால் காத்து நின்றது.

"இண்ணைக்கு ஜெபிஷுக்க கம்ப்யூட்டர்ல இருக்கேன்" என்றான் பெனின். ஜெபிஷ் அவன் அறைக்காரன், குலசேகரத்துப் பையன், ரே ட்ரேசிங் விசையுள்ள நல்ல கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன். "கெஞ்சி வாங்கினேன். இண்ணைக்குப் பூட்டு எனக்கு. நீ பின்னால காவல் நில்லு."

அவள் போய் நின்றாள். பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

"அத்தான், தொறக்கல்லியா?"

"இரு." வெகுநேரம் கழித்து, "இவ்வளவு கிட்டயா நிக்க நீ?" என்றான்.

"பின்னே எங்க நிக்க?"

"எனக்குத் தெரியாமப் போச்சே. ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட நான் ரோட்டப் பாத்துட்டு நின்னுட்டேனே."

ஸ்மைலினுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாமியார் பின்னால் இருக்கிறாள், மைக் முன்னால் இருக்கிறது.

"அழாத ஏட்டி" என்றது ஸ்பீக்கர்.

"நான் ஒண்ணும் அழல்ல" என்றாள், கூடியமட்டும் தெளிவாக.

"கள்ளம் சொல்லாத. தோள ஒடுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நிக்க. எனக்குக் கண்ணாடில தெரியுது. உனக்க கை கீபோர்டுல இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய திரையிலும் பேக்கரிக் கண்ணாடி தெரிந்தது. மழை, ரொட்டி, மஞ்சள் கோட்டு, அதன் பின்னால் குனிந்து நிற்கிற நீலக் கோட்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்டில் கையை வைத்தாள். நீலக் கோட்டு ஒரு அடி முன்னால் வந்தது. இனி வர இடமில்லை.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் முளைத்தது. தெருமுனையில் லாந்தர்.

"அத்தான், அவன் வாறான்."

"காணுது."

"ஓடண்டாமா?"

"ஓடண்டாம். நில்லு."

இருபத்தைந்து படமாக, விட்டு விட்டு, வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. விளக்கு இருவர் முகத்திலும் விழுந்தது, திரை ஒரு தடவை இருண்டது.

"என்னட்டி, பிடிச்சிட்டானா?" என்றாள் ஞானபாய்.

"பிடிச்சிட்டான் மாமி."

"ரெண்டு பேரையுமா? இனி?"

"ஒரே அறையில போட்டுப் பூட்டுவான். பத்து நிமிஷம் தொறக்க மாட்டான்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஸ்மைலின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கோட்டு வழக்கம்போல மறைந்துவிடும் என்று காத்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. பெனின் வெளியே போகவில்லை.